நட்சத்திரம் வந்த வீடு

'குசேலன்' வெளியான நாள் ஆடி அமாவாசை. 2008 ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை. காலையில் அப்பா கண்மாய்க்கரைக்குப் போய்த் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தார். மாலையில் சூரிய கிரகணம். அதற்குள் சமையலை முடித்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டுமென்று அம்மா காலையிலிருந்தே பரபரத்துக்கொண்டிருந்தார். தேரடி முக்கில் ரஜினி கட் அவுட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த இளவட்டங்களுக்கு அமாவாசையும் இல்லை, கிரகணமும் இல்லை. முந்தின வருடம் 'சிவாஜி' வந்தபோது அடித்த மேளம் இன்னும் ஓயாத ஊர் அது.

கல்யாணமாகி முதல் ஆடி என்பதால் தங்கையைச் சீரோடு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அவளைப் பார்க்க அயித்தை வந்திருந்தார். சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. கூடத்தில் பாய் விரித்தால் கால் வைக்க இடமில்லை. "ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு எல்லாரும் போவோம்" என்று அப்பாதான் முதலில் சொன்னார். படத்துக்குப் போவோமென்று அவராக வாய் திறந்து சொல்வது அபூர்வம். ரஜினிக்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. போஸ்டரில் இருந்த 'கவிதாலயா' என்ற பெயருக்காகச் சொன்னார். இயக்குநர் பாலசந்தரின் நிறுவனம் அது.

அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பாலசந்தர் சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் என்பதில் அவருக்குச் சொந்தப் பெருமை. ஃபைலுக்கு நடுவே உட்கார்ந்து சம்பளக்காரக் குடும்பத்தின் மாதக் கடைசியைப் பார்த்தவர், அதனால்தான் அவர் படத்தில் பர்ஸைத் திறக்கும் கை கூடச் சரியாக நடிக்கிறது என்பார். 'சர்வர் சுந்தரம்', 'மேஜர் சந்திரகாந்த்', 'எதிர்நீச்சல்' எல்லாம் முதலில் மேடையில் வந்த நாடகங்கள் என்று எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். திரையில் கவிதாலயாவின் திருவள்ளுவர் சிலையும் முதல் குறளும் வந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். கோயிலுக்குள் நுழைகிறவரின் முகம் அது.

இன்று 'குசேலன்' படத்தை நினைத்தால் கூடவே நினைவுக்கு வருவது வேறொரு படம். 'பாமா விஜயம்'. 1967இல் பாலசந்தர் எழுதி இயக்கியது. நான் அதைப் பார்த்தது பக்கத்து வீட்டு டெலிவிஷனில். கொடைக்கானல் ஒளிபரப்பு வந்து எங்கள் பக்கத்தில் படம் தெளிவாகத் தெரியத் தொடங்கியிருந்த காலம். ஞாயிறு சாயங்காலம் ஆனால் அந்த வீட்டு முன்னறை நிறைந்துவிடும். சிறுபிள்ளைகள் டெலிவிஷனுக்கு முன்னால் தரையில், பெண்கள் சுவரோரம், ஆண்கள் திண்ணையில் ஜன்னல் வழியாக. அப்பாவுக்கு மட்டும் மரியாதைக்கு ஒரு ஸ்டூல் போடுவார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் சொன்ன பிறகு வந்த சிரிப்பு இரண்டு மடங்காக இருந்தது.

அந்தக் கதையில் ஒரு தகப்பன், டி.எஸ். பாலையா. மூன்று மகன்கள், மேஜர் சுந்தர்ராஜன், முத்துராமன், நாகேஷ். மூன்று மருமகள்கள், சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி. சம்பளத்துக்குள் வண்டி ஓட்டும் கூட்டுக் குடும்பம். பக்கத்து வீட்டுக்கு பாமா என்ற சினிமா நடிகை குடிவருகிறாள். ராஜஸ்ரீ நடித்த வேடம். அந்த நடிகை தங்கள் வீட்டுக்கு வரப்போகிறாள் என்றதும் மருமகள்களுக்குத் தலைகால் புரியவில்லை. கடன் வாங்கியும் தவணைக்கு எடுத்தும் வீட்டை நிரப்புகிறார்கள். கடன் ஏற ஏறக் குடும்பத்துக்குள் சந்தேகம் ஏறுகிறது. கடைசியில் கிழவர் பாலையா எல்லோரையும் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறார்.

எண்ணிப் பார்த்தால் அதுவும் நட்சத்திரப் பட்டாளம்தான். நாகேஷ் உச்சியில் இருந்த வருடங்கள் அவை. அந்த நாகேஷ் இதில் மூன்றாவது மகன். கடைக்குட்டி ஒரு வீட்டில் எங்கே நிற்பானோ அங்கேதான் நின்றார். சௌகாருக்கு மூத்த மருமகளின் கனம். காஞ்சனாவுக்கு நடு மருமகளின் இழுபறி. வரவு செலவுக் கணக்கைக் குடும்பமே கூடிப் பாடும் எம்.எஸ். விஸ்வநாதனின் அந்தப் பாட்டைப் பாருங்கள். அதில் யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் கண் அலையும். பாலையாவைப் பார்த்தால் நாகேஷைத் தவறவிடுவோம். நாகேஷைப் பார்த்தால் பின்னால் நிற்கும் மருமகளின் முகத்தைத் தவறவிடுவோம். ஒருவரும் அடுத்தவர் இடத்தைப் பறிக்கவில்லை. இந்தப் படம் தெலுங்குக்கும் இந்திக்கும் போனதில் ஆச்சரியமில்லை. மாதச் சம்பளமும் மருமகள்களும் உள்ள எந்த ஊரிலும் அந்தக் கதை செல்லும்.

நடிகை வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள். நாங்கள் பார்த்ததோ அவளால் ஆட்டங்கண்ட வீட்டை. இந்த நுட்பம் அன்று எனக்குப் புரியவில்லை. அந்தப் படம் வந்து 41 வருடம் கழித்து, அதே பாலசந்தரின் நிறுவனம் ஏறக்குறைய அதே முடிச்சை எடுத்தபோது புரிந்தது. ஊருக்கு ஒரு பெரிய நடிகர் வருகிறார். அவர் வருகை ஓர் ஏழைக் குடும்பத்தைப் புரட்டிப்போடுகிறது. அதுதானே 'குசேலன்'.

அந்தக் கதையின் ஊற்று மலையாளம். ஸ்ரீனிவாசன் எழுதி, எம். மோகனன் இயக்கி, 2007 இறுதியில் வெளிவந்த 'கத பறயும்போள்'. கிராமத்தில் முடிதிருத்தும் பாலன், ஸ்ரீனிவாசனே நடித்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை, கடைக்கு வருமானமில்லை. ஊருக்குப் படப்பிடிப்புக்கு வரும் சூப்பர் ஸ்டாராக மம்மூட்டி. அந்த நடிகர் பாலனின் பால்ய சிநேகிதன் என்று சேதி கசிந்ததும் ஊர் முழுக்க அவன் வாசலில் நிற்கிறது. நேற்றுவரை முகம் கொடுக்காதவர்கள் கடன் தருகிறேன், கடை வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். பாலனோ நண்பனைப் போய்ப் பார்க்கக் கூசுகிறான். 'நினைவிருக்குமா, மதிப்பானா' என்று தயங்கித் தயங்கி ஒதுங்குகிறான். பொய் சொன்னான் என்று ஊர் அவனைத் தூற்றுகிறது. கடைசியில் பள்ளி விழாவில் அந்த நடிகர் தன் நண்பனைப் பற்றிப் பேசுகிறார். கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பாலன் கேட்கிறான். மம்மூட்டி வருவது கொஞ்ச நேரம்தான். படம் முழுக்க அவர் வருவாரா வருவாரா என்ற ஏக்கமும், வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும்தான் ஓடுகின்றன.

இதைத் தமிழுக்குக் கொண்டுவர நினைத்தது நல்ல நினைப்பு. ஏழை நண்பன் கிருஷ்ணனைப் பார்க்கப் போகும் குசேலர் கதை நம் பாட்டிகள் மடியில் வைத்துச் சொன்ன கதை. தமிழ் சினிமா அதை வெகுகாலம் முன்பே தொட்டிருக்கிறது. 1936இல் கே. சுப்பிரமணியம் 'பக்த குசேலா' எடுத்தார். பாபநாசம் சிவன் குசேலராக நடித்தார். கிருஷ்ணனாகவும் குசேலரின் மனைவி சுசீலையாகவும் நடித்தது எஸ்.டி. சுப்புலட்சுமி ஒருவரே. கதையை அறிந்தவர்களின் ஏற்பாடு அது. துவாரகைக்குப் போய் வந்தது குசேலர்தான். ஆனால் பிள்ளைகளின் பசியைக் கண்டு பொறுக்காமல் அவரை அனுப்பியவள் மனைவி. கந்தைத் துணியில் அவல் முடிந்து கொடுத்தவளும் அவளே. கதை அடுப்படியில் தொடங்குகிறது, அரண்மனைக்கு அப்புறம்தான் போகிறது.

எங்கள் ஊர்ச் சலூனைச் சொல்லாமல் 'குசேலன்' பற்றிப் பேசினால் பேச்சு பாதியில் நிற்கும். பஜாரில் பாத்திரக்கடைக்குப் பக்கத்தில் ஒற்றை நாற்காலிக் கடை. எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி. நாற்காலிக் கைகளின் மேல் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதில் சிறுவர்களை உட்கார வைப்பார் சலூன்கார அண்ணன். தோல்வாரில் கத்தியைத் தீட்டும் சத்தம், கை மிஷின் பிடரியில் ஏறும்போது வரும் கூச்சம், சவரம் முடிந்து படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்க்கும்போது பெரியவர்கள் இழுக்கும் மூச்சு, முடிவில் கழுத்தில் அப்பும் பவுடர். காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அதில் அட்டை கிழிந்த குமுதம், ஆனந்த விகடன், அன்றைய தினத்தந்தி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தப் பெஞ்சில்தான்.

கண்ணாடிக்கு மேலே முருகன் படம். அதற்கு அடுத்து 'அண்ணாமலை' ரஜினி, பால்காரர் வேடத்தில். அண்ணன் தீவிர ரசிகர். ரஜினியின் முடி எந்தப் படத்தில் எப்படி இருந்தது என்பதை ஒரு டாக்டர் கேஸ் ஷீட் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்வார். "தலைமுடியை இப்படிக் கோதி விடுறதுக்கு முன்னாடி பின்னாடி எவ்வளவு நீளம் வேணும் தெரியுமா தம்பி?" என்று சீப்பால் அளந்து காட்டுவார். ஊர்க்காரர்கள் அவரிடம் எல்லா ரகசியங்களையும் சொல்வார்கள். கல்யாண வீட்டில் அவரைப் பந்திக்கு உட்கார வைப்பதற்கு மட்டும் ஒரு தயக்கம் இருந்தது. அதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அப்பா அந்தத் தயக்கத்தை மதிக்கவில்லை. தன் பக்கத்து இலையில் அவரை உட்கார வைத்துச் சாப்பிட்டார். அந்த அண்ணனின் தொழிலைச் செய்பவன் நாயகனாக வரும் படத்தில் ரஜினி என்றால், எங்கள் ஊருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அம்மாவுக்கு வேறொரு காரணம். மீனா. 1984இல் 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் ரஜினி ரஜினியாகவே வந்தார். அதில் அவரோடு நடித்த குழந்தை மீனா. அந்தப் படம் பார்த்து அம்மா அழுத அழுகை எங்கள் வீட்டில் பிரசித்தம். அந்தக் குழந்தை வளர்ந்து 'எஜமான்', 'வீரா', 'முத்து' என்று அதே ரஜினிக்கு நாயகியானது. இப்போது 'குசேலன்' படத்தில் பசுபதிக்கு மனைவி, ரஜினிக்கு நண்பனின் மனைவி. மலையாளத்திலும் முடிதிருத்துபவரின் மனைவி மீனாதான். "அந்தப் பிள்ளை வாழ்க்கை முழுக்க நம்ம கண்ணு முன்னாலேயே போயிருச்சு" என்றார் அம்மா, முறுக்குப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டே.

ஞாயிறு மதியம் தியேட்டரில் கூட்டம் இருந்தது. பெண்கள் வரிசையில் அயித்தையும் தங்கையும் நின்று எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தார்கள். வள்ளுவர் சிலை வந்தது, குறள் வந்தது, அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பசுபதி வந்த முதல் காட்சிகளில் நான் அப்பா முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கூத்துப்பட்டறையில் தேர்ந்தவர் பசுபதி. 'விருமாண்டி' படத்தில் அவரைப் பார்த்துப் பயந்தோம். 'வெயில்' படத்தில் அவரைப் பார்த்து அழுதோம். அப்படிப்பட்டவர் இங்கே தோளைக் குறுக்கிக்கொண்டு, வேட்டியைப் பிடித்தபடி, யாரிடமும் உரக்கப் பேசாத ஒரு தகப்பனாக நின்றார். பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்கப் போகிறவனின் நடை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர் போல் நடந்தார்.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எதிர்க்கடை சலூன்காரராக வடிவேலு. லிவிங்ஸ்டன், சந்தானம், எம்.எஸ். பாஸ்கர், பிரபு. நடிகையாகவே நயன்தாரா. தமிழ் சினிமாவின் முக்கால் நூற்றாண்டைக் கொண்டாடுவதற்கென்று ஒரு பெரிய பாட்டு. அதில் ரஜினி வேடம் மாற்றி வேடம் மாற்றி வந்தார். தியேட்டர் அதிர்ந்தது, காகிதம் பறந்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. பாட்டு முடிந்து வெளிச்சம் தணிந்தபோது பாலகிருஷ்ணன் என்ற அந்த மனிதனின் வீடு எங்கே, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்களா, அடுப்பு எரிந்ததா என்ற ஞாபகமே அறுந்துபோயிருந்தது. வடிவேலு பெரிய கலைஞர். அவர் முகம் தெரிந்தாலே எங்கள் வீட்டுக் குழந்தைகள் சிரிக்கும். அன்று அவருக்கு எழுதிக் கொடுத்த சில காட்சிகளில் அயித்தை தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். குடும்பத்தோடு வந்தவர்களுக்கு அது சங்கடமான நேரம்.

ரஜினியின் அரசியல் பற்றி ஊரார் கேட்கும் கேள்விக்கும் படத்துக்குள் ஒரு காட்சி வைத்திருந்தார்கள். நாயகியின் மழைப் பாட்டு ஒன்று. படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நடக்கும் வேடிக்கைகள். ஒவ்வொன்றாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் கைதட்டு உண்டு. அத்தனையும் மீனாவின் அடுப்படியிலிருந்து நேரத்தைக் கடன் வாங்கியவை. சுசீலை முடிந்து கொடுத்த அவல் மூட்டை கூட்டத்தில் எங்கோ தவறிப்போயிற்று.

ஆனாலும் கடைசிப் பதினைந்து இருபது நிமிடங்களைச் சொல்லியாக வேண்டும். பள்ளி விழா மேடை. ரஜினி ஸ்டைல் எதுவும் இல்லாமல், ஒரு மனிதராக நின்று பேசினார். கையில் ஒன்றுமில்லாத காலத்தில் தனக்குத் துணை நின்ற ஒரு நண்பனைப் பற்றிப் பேசினார். பேசப்பேச அவர் குரல் கம்மியது. கேமரா பின்வரிசைக்குப் போனது. அங்கே பசுபதி நின்றுகொண்டிருந்தார். கேட்பதா ஓடுவதா என்று தெரியாத முகம். கண்ணில் தேங்கிய நீரைத் துடைத்தால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துடைக்காமல் நின்றார். அரங்கில் விசிலடித்துக்கொண்டிருந்த பையன்கள் அடங்கிப்போனார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பெரிய நடிகர்கள் ஒரு காட்சியில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் காட்சி இன்றும் சாட்சி. அதைப் பார்த்ததால்தான் மீதிப் படத்தின் மேல் எனக்கு அவ்வளவு வருத்தம்.

திரும்பி வரும்போது அப்பா வெகுநேரம் பேசவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "அந்தப் பொண்டாட்டி பிள்ளைங்களை இன்னும் கொஞ்சம் காட்டியிருந்தா, கடைசியில அவன் பேசுறது இன்னும் சுட்டிருக்கும்."

சலூன்கார அண்ணன் படத்தைச் செவ்வாய்க்கிழமைதான் பார்த்தார். எங்கள் பக்கத்துச் சலூன்களுக்கு வார விடுமுறை செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நிற்க நேரமிருக்காது. புதன்கிழமை முடி வெட்டப் போனபோது கேட்டேன். கத்திரியை நிறுத்தாமலே சொன்னார்: "தலைவருக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல தம்பி. அந்தப் பசுபதி சீப்பும் கத்திரியும் பிடிச்ச பிடி சரியா இருந்துச்சு. அதை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்." அப்பா கேட்டது வீட்டை. அண்ணன் கேட்டது வேலையை. பக்கம் பக்கமாக எழுதப்பட்ட விமர்சனங்களைப் பிற்பாடு படித்தேன். இந்த இரண்டு வாக்கியங்களைத் தாண்டி எதுவும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். 'குசேலன்' படத்தை இயக்கிய பி. வாசு கைதேர்ந்தவர். 2005இல் 'சந்திரமுகி' கொடுத்தவர். அண்ணாசாலை சாந்தி தியேட்டரில் அது 800 நாட்களைத் தாண்டி ஓடியது. குறை திறமையில் இல்லை. மலையாளப் படம் சின்ன முதலீட்டில் எடுத்த சின்னக் கதை. அங்கே மம்மூட்டி கொஞ்ச நேரம் வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே ரஜினியின் பெயர் போஸ்டரில் ஏறியவுடன் படத்தின் விலை ரஜினி படத்தின் விலையானது. அந்த விலைக்கு வாங்கியவருக்கு ரஜினி அடிக்கடி திரையில் வந்தாக வேண்டும். அவர் வந்தால் பாட்டு வேண்டும். நாயகி இருந்தால் அவருக்கு ஒரு பாட்டு வேண்டும். வடிவேலு இருந்தால் தனிச் சிரிப்புப் பகுதி வேண்டும். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கி முடித்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது கொஞ்சம். ரஜினி வருவது கௌரவ வேடம் என்று பத்திரிகைகளில் செய்தி வந்திருந்தது. ஆனால் கட் அவுட்டில் நின்றது அவர் முகம். எங்கள் ஊரில் பால் ஊற்றியதும் அந்த முகத்துக்குத்தான். எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். தியேட்டர்காரர்கள் நஷ்டஈடு கேட்டு நின்ற செய்திகளைப் படித்தோம். ஒரே சமயத்தில் ஜெகபதி பாபுவை வைத்துத் தெலுங்கில் எடுத்த 'கதாநாயகுடு' படத்துக்கும் இதே கதிதான். அடுத்த ஆண்டு பிரியதர்ஷன் இதே கதையை இந்தியில் இர்ஃபான் கானையும் ஷாருக் கானையும் வைத்து எடுத்தார். 'பில்லு பார்பர்' என்ற பெயர் முடிதிருத்தும் தொழிலாளர்களின் எதிர்ப்பால் 'பில்லு' என்று சுருங்கியது. அதிலும் பாட்டுகள் கூடின. அதிலும் கடைசிப் பேச்சு மட்டும் கண்ணைக் கலங்க வைத்தது.

பழைய ஆட்கள் இந்த நட்சத்திரக் கூட்டத்தை எப்படிச் சமாளித்தார்கள்? எனக்குத் தெரிந்த பதில் மேடை. பாலசந்தர் நாடகத்திலிருந்து வந்தார். விசு நாடகத்திலிருந்து வந்தார். 1986இல் ஏவி.எம். எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்' விசுவின் நாடகத்தில் பிறந்தது. விசு, லட்சுமி, ரகுவரன், சந்திரசேகர், மனோரமா, டெல்லி கணேஷ், கிஷ்மு என்று அதிலும் கூட்டம். வீட்டுக்கு நடுவே கோடு கிழிக்கும் காட்சியில் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள். வேலைக்காரி கண்ணம்மாவாக வரும் மனோரமாவுக்குக் கூட அந்தச் சண்டையில் ஒரு நிலைப்பாடு உண்டு. வெகுஜனங்கள் விரும்பும் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. நாடகத்தில் ஒரு பாத்திரம் காரணமில்லாமல் வந்தால் சபாவில் உட்கார்ந்திருப்பவர்கள் இருமத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த வாரமே அந்தப் பாத்திரத்தை வெட்டவோ திருத்தவோ செய்வார்கள். அப்படி மக்கள் முன்னால் உரசி உரசித் தேறிய கதைகள் படமாகும்போது, எத்தனை பெரிய நடிகர் வந்தாலும் கதை தன் இடத்தை விட்டுக் கொடுக்காது. அந்தச் சபாக்களும், அந்த வாரந்தோறும் திருத்தும் பழக்கமும் போனதோடு இந்தக் கலையும் பாதி போயிற்று.

எங்கள் ஊரில் அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. திருமண மண்டபமாகிவிட்டது. சலூன்கார அண்ணன் கடையை மகனிடம் விட்டார். மகன் மதுரைக்குப் போய்க் குளிர்சாதனம் போட்ட கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பெஞ்சும் இல்லை, கிழிந்த குமுதமும் இல்லை. காத்திருப்பவர்கள் ஆளுக்கொரு போனைப் பார்க்கிறார்கள். பாலசந்தர் 2014 டிசம்பர் 23 அன்று காலமானார். அந்தச் செய்தி வந்த இரவு அப்பா 'எதிர்நீச்சல்' படத்தின் மாடிப்படிக் காட்சிகளைப் பற்றி என்னிடம் போனில் வெகுநேரம் பேசினார். பிறகு சில ஆண்டுகளில் அவரும் போய்விட்டார். அயித்தை இருக்கிறார், படம் பார்க்க வெளியே வருவதில்லை. வீட்டிலுள்ள அத்தனை பேரும் சேர்ந்து ஒரு படத்துக்குப் போனது எங்களுக்கு 'குசேலன்' தான் கடைசி. அதனாலும் அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபத்தைவிடப் பாசமே அதிகம். இன்னும் நல்ல படமாக இருந்திருக்கலாமே என்ற ஆதங்கம் அந்தப் பாசத்திலிருந்து வருவது.

பசுபதி அதன்பிறகு எவ்வளவோ செய்தார். 2021இல் 'சார்பட்டா பரம்பரை' படத்தின் ரங்கன் வாத்தியாரைத் தமிழ்நாடே கொண்டாடியது. அந்தப் படத்திலும் நடிகர் கூட்டம் பெரிது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு சுவர், ஒரு பகை, ஒரு கடன் இருந்தது. அதைப் பார்த்தபோது அப்பா இருந்திருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். கூட்டத்தை வைத்துக் கதை சொல்லும் வித்தை தமிழில் அடியோடு செத்துவிடவில்லை என்பதற்கு அது ஓர் ஆதாரம்.

பெரிய நடிகர்களை ஒரே படத்தில் கூட்டிவைத்துக் குடும்பக் கதை சொல்லப் புறப்படும் இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் அந்த வீட்டை எழுதுங்கள். சம்பளம் எவ்வளவு, யார் எங்கே படுக்கிறார்கள், எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி, மனைவி எதை அடகு வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் முடிவான பிறகு நட்சத்திரத்தைக் கூப்பிடுங்கள். அவர் எவ்வளவு பெரியவரானாலும் அந்த வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். மம்மூட்டி குனிந்தார். 'பாமா விஜயம்' படத்தில் நாகேஷ் குனிந்தார். 'குசேலன்' கடைசிக் காட்சியில் ரஜினியும் குனிந்தார். முன்னிருந்த இரண்டு மணி நேரத்தில் அவரைக் குனிய விடாதது அவருக்குப் போட்ட விலை. 'குசேலன்' பசுபதியின் படமாக எழுதப்பட்டு ரஜினி படமாக விற்கப்பட்டது. அதன் தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.